மாட்டுச் சந்தையும் கமலாத்தாள் அத்தையின் முட்டியும்

கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் வடகரப்பதிப் பக்கம் யாராவது கறவை மாடு வாங்குவதென்றால், பணத்தை எடுத்து வைத்த கையோடு சென்னியப்ப மாமாவுக்குத்தான் போன் போடுவார்கள். வயது அறுபத்து நான்கு. நாலு ஏக்கர் தென்னை, ஊடுபயிராகக் கொஞ்சம் நிலக்கடலை, கட்டுத்தறியில் இரண்டு பசு. இதெல்லாம் இங்கே பல பேருக்கு உண்டு. மாட்டைப் பார்க்கிற கண்ணும் விலை பேசுகிற கையும்தான் அவருக்கென்று தனியாக இருப்பவை.

பொள்ளாச்சிச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். இரண்டு பேர் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். மாமா அதில் கெட்டிக்காரர். விலை படியவில்லை என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவார். சத்தம் போடமாட்டார், திரும்பியும் பார்க்கமாட்டார்.

“பத்தடி நடந்தாப் போதும் அம்மிணி, பின்னாலயே வருவான். பின்னால வந்தவன் எறங்கீட்டான்னு அர்த்தம். நாம நின்னு திரும்பிப் பாத்தமுன்னா, நாம எறங்கீட்டோம்னு அர்த்தம்” என்று எனக்கு ஒருமுறை விளக்கம் சொன்னார். நான் மாடு வாங்கப் போகிறவள் இல்லை. இருந்தாலும் கேட்டுக்கொண்டேன். அவர் பேசினால் கேட்கலாம்.

நான் யோகப்பிரியா. பால் சொசைட்டிக்கு எதிரே கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வில்லேஜ் ஆபீஸ் சான்றிதழ், கரண்ட் பில், ஆதார் திருத்தம், கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் எல்லாம் என்னிடம்தான். பாதி ஊரின் ஈமெயில் முகவரியும் நான் உண்டாக்கிக் கொடுத்தது. பாஸ்வேர்டும் நான்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சென்னியப்ப மாமா எனக்கு நேர் உறவில்லை. அவர் மனைவி கமலாத்தாளை அத்தை என்று கூப்பிட்டுப் பழகியதால் அவர் மாமா ஆகிவிட்டார்.

அத்தைக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய்ப் பல வருடம் ஆகிறது. காலையிலும் சாயங்காலமும் இரண்டு பசுவுக்கு அடியில் குத்த வைத்துப் பால் கறந்துவிட்டு, எழுந்திருக்கும்போது மாட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். மாடும் பழகிவிட்டது, அசையாமல் நிற்கும். கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு வரும்போது அவர் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வருவதை என் கடையிலிருந்தே பார்ப்பேன். வலிக்குதா என்று கேட்டால், “வலிக்காம என்ன பண்ணும்” என்று சிரிப்பார். ஒருநாளும் புலம்பிக் கேட்டதில்லை. அதனாலேயே பார்க்கிறவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கொரோனா வந்த வருடத்தில்தான் இந்த இன்சூரன்ஸ் கதை ஆரம்பித்தது. பக்கத்துத் தோட்டத்து நஞ்சப்பன் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். பிழைத்தார், ஆனால் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கிணற்றடி நிலம் போய்விட்டது. அரசாங்க இன்சூரன்ஸுக்கு எங்கள் ஆட்களின் ரேஷன் கார்டு நிறம் ஒத்துவராது. நாலு தென்னை வைத்திருக்கிறவன் பணக்காரன் என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் மாமா, கத்தாரில் வேலை பார்க்கும் மகன் ஆனந்தகுமாரின் நச்சரிப்பு தாங்காமல், தனக்கும் அத்தைக்கும் சேர்த்துத் தனியார் கம்பெனியில் ஒரு பாலிசி எடுத்தார். இரண்டாயிரத்து இருபது ஆகஸ்ட் கடைசியில். பாரத்தை நிரப்பியது நான்.

அத்தைக்கு முட்டி வலி இருப்பதை அப்போதே எழுதினோம். கம்பெனி அதற்கு ஒரு நிபந்தனை போட்டது. வேறு எந்த நோய் வந்தாலும் பணம் தருவோம், முட்டிக்கு மட்டும் நான்கு வருடம் கழித்துத்தான் என்றது. அத்தை அதைக் கேட்டுவிட்டு, “தென்னம்புள்ள வெச்சாலும் நாலு வருசம் காத்திருக்கோணும். காத்திருந்துட்டாப் போவுது” என்றார். உண்மையாகவே காத்திருந்தார். வருடம் தவறாமல் பணம் கட்டினார்கள். ஒரு ரூபாய் கூடக் கேட்டு வாங்கியதில்லை. இரண்டாயிரத்து இருபத்து நான்கு ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு அந்த நான்கு வருடம் முடிகிறது. ஐந்தாம் வருடத்துக்குப் பணம் கட்டிவிட்டால் முட்டிக்கும் பாலிசி உண்டு. கோயமுத்தூர் டாக்டரிடம் போய்ப் பார்த்து, ஐப்பசி பிறந்ததும் ஆபரேஷன் என்று நாளும் குறித்துவிட்டார் அத்தை. பால் கறக்க ஆள்கூட ஏற்பாடு செய்தாயிற்று.

ஆனி மாதத்தில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. போன வருடம் முப்பத்து நான்காயிரம் கட்டிய பாலிசிக்கு இந்த வருடம் ஐம்பத்தோராயிரம் கேட்டிருந்தார்கள். வயது கூடிவிட்டதாம், ஆஸ்பத்திரிச் செலவு கூடிவிட்டதாம். மாமா கடிதத்தை என் மேஜையில் போட்டார்.

“நாலு வருசமா ஒரு பைசா கேக்கலீங்கறதுக்கு வெலையக் கொறைக்கோணுமா, ஏத்தோணுமா? நீயே சொல்லு அம்மிணி.”

“கொறைக்கோணுமுங்க.”

“ஏத்தீருக்கான்!”

எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வழி ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம். அந்த நான்கு வருடக் காத்திருப்பையும் கூடவே எடுத்துக்கொண்டு போகலாம், புதிதாக முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பாலிசி முடிய நாற்பத்தைந்து நாளுக்கு முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும். புதுக் கம்பெனி சம்மதிக்கவும் வேண்டும்.

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு கடையில்லாவிட்டால் இன்னொரு கடை என்பது அவருக்குப் புரிகிற விஷயம். இரண்டு மூன்று கம்பெனி விளம்பரத் தாள்களைக் கொண்டுவந்து பரப்பி உட்கார்ந்தார்.

“மாட்டுக்குப் பல்லப் பாத்தா வயசு தெரிஞ்சுரும். இதுக்கு எங்க பாக்கறது?”

“கடைசிப் பக்கத்துல பொடி எழுத்து இருக்குது பாருங்க மாமா, அதுதானுங்க பல்லு.”

அன்றைக்கு நான் பேசாமல் இருந்திருக்கலாம். மூன்று நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பொடி எழுத்து முழுவதையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். ரூம் வாடகைக்கு எவ்வளவு, எந்த ஆஸ்பத்திரிக்குச் செல்லும், நம் கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும் என்று துருவித் துருவிக் கேட்டார். அதோடு விடவில்லை. அந்தக் கம்பெனியில் பாலிசி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் யார் யார் என்று விசாரித்து, மொபெட்டை எடுத்துக்கொண்டு மூன்று வீட்டுக்கு நேரில் போனார். கேட்ட பணம் வந்ததா, இழுத்தடித்தார்களா என்று கேட்டுவிட்டு வந்து, ஒரு கம்பெனிதான் தேவலை என்றார். அதன் விலையும் முப்பத்து ஒன்பதாயிரம்தான். பாலிசி எடுக்கிறவர்கள் எல்லோரும் இப்படிப் பார்த்து எடுத்தால் கம்பெனிக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான். எனக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.

புதுக் கம்பெனியின் ஏஜெண்ட் ரத்தினசாமி என் கடைக்கே வந்து பாரம் நிரப்பினார். நோய்கள் பகுதி வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

“முட்டி வலிய எழுத வேண்டாமுங்க. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சதையும் சொல்ல வேண்டாம். சொன்னா எடுக்க மாட்டாங்க. எடுத்ததுக்கு அப்பறம் பாத்துக்கலாம்” என்றார்.

மாமா அவரை நிமிர்ந்து பார்த்தார். “ஒதைக்கற மாட்ட ஒதைக்காதுன்னு சொல்லி வித்தா, வாங்குனவன் ஊட்டுப் பொம்பளைதான் ஒதை வாங்குவா. நான் அப்படி ஒரு மாடும் வித்ததில்ல. உள்ளத உள்ளபடி எழுதுங்க.”

உள்ளதை உள்ளபடியே எழுதினோம். விண்ணப்பமும் கெடுவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. ஆடி பாதியில் பதில் வந்தது: ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்களை ஏற்றுக்கொள்ள இயலாது. ரத்தினசாமி சொன்னபடியே ஆயிற்று. ஆனாலும் மாமா செய்ததுதான் சரி என்று நான் இன்றைக்கும் சொல்வேன். மறைத்து எழுதியிருந்தால் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துப் பிடித்திருப்பார்கள்.

“சரி மாமா, பழைய கம்பெனிக்கே கட்டீரலாமுங்க. ஆகஸ்ட் முப்பத்தொண்ணுக்குள்ள” என்றேன்.

“அத நான் பாத்துக்கறன்” என்றார்.

நான் அதோடு விட்டுவிட்டேன். ஆவணியில் கல்யாணப் பத்திரிகை வேலை, ஓணம் லீவுக்கு முன்னால் சர்டிபிகேட் கூட்டம் என்று எனக்குத் தலைக்குமேல் வேலை. அந்த “பாத்துக்கறன்” என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தப்பு.

செப்டம்பர் இருபத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு அத்தை என் கடைப் படியேறி வந்தார். இரண்டே படி. அதற்குக் கதவைப் பிடித்து, சுவரைப் பிடித்து, ஒரு நிமிடம் ஆயிற்று.

“கண்ணு, ஆஸ்பத்திரில இருந்து போன் பண்ணுனாங்க. ரெண்டு பேரு ஆதாரும், இந்த வருசத்துப் பாலிசியும் நகல் எடுத்துக் குடுக்கோணுமாம். பாலிசி உன்ற கம்ப்யூட்டர்ல இருக்குமல்லொ?”

“இருக்குமுங் அத்தை, உக்காருங்க” என்று சொல்லி மாமாவின் ஈமெயிலைத் திறந்தேன்.

திறக்காத கடிதங்கள் வரிசையாகக் கிடந்தன. உங்கள் பாலிசி முடியப் போகிறது. உங்கள் பாலிசி முடிந்துவிட்டது. சலுகை நாட்கள் நடந்துகொண்டிருக்கின்றன. கடைசிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கெடு தாண்டி முப்பது நாள் வரைக்கும் பணம் கட்ட அனுமதி உண்டு. அந்த நாட்களில் எது நடந்தாலும் கம்பெனி தராது. செப்டம்பர் முப்பதுக்குள் கட்டிவிட்டால் பழைய பாலிசி தொடரும். தாண்டிவிட்டால் பாலிசி இல்லை, நான்கு வருடமும் இல்லை. எடுத்தால் புதிதாக எடுக்க வேண்டும். முட்டிக்கு மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அதுவும் யாராவது கொடுத்தால்.

அதாவது, மிச்சம் இருப்பது ஒன்றரை நாள்.

எதிரே அத்தை முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஆபரேஷன் முடிஞ்சு ஒண்ணர மாசத்துல நடக்கலாமாம். பழனிக்குப் படியேறிப் போலாம்னு இருக்கறன். எவ்வளவு வருசமாச்சு” என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆதார் நகலை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, மிஷினில் மை தீர்ந்துவிட்டது, மற்றதைச் சாயங்காலம் வீட்டுக்கே கொண்டுவருகிறேன் என்று பொய் சொல்லி அனுப்பினேன். அவர் தெருவைத் தாண்டியதும் ஷட்டரை இழுத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

மாமா முக்கில் இருக்கும் டீக்கடையில் நஞ்சப்பனோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

“வா அம்மிணி, டீ சாப்படறயா?”

“ஏனுங் மாமா, பாலிசிக்குப் பணம் கட்டுனீங்களா இல்லீங்களா?”

“எங்க கட்டறது? இன்னம் வெல படியலியே.”

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். விளக்கும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். கெடு தேதி அன்றைக்கு வேண்டுமென்றேதான் கட்டவில்லையாம். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டாராம். அவர் நினைத்தபடியே கம்பெனிக்காரி பின்னாலேயே வருகிறாளாம்.

“பதினோரு வாட்டி கூப்புட்டுட்டா. மொதல்ல வாரத்துக்கு ஒருக்கா. இப்பத் தெனமும் கூப்படறா. நேத்து ரெண்டு வாட்டி. எறங்கறதுக்கு ரெடியாயிட்டாங்க அம்மிணி. இன்னம் ரெண்டு நாள் பொறுத்தா முப்பத்தஞ்சுக்கு வந்துருவான். வெலையச் சொல்லுங்கறன், அவ ஏதோ தேதியவே சொல்லீட்டிருக்கறா.”

நஞ்சப்பன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். கிணற்றடி நிலத்தைத் தொலைத்த மனிதர், அவராவது சொல்லியிருக்கக் கூடாதா?

நான் டீக்கடை என்றும் பார்க்கவில்லை, வயசில் பெரியவர் என்றும் பார்க்கவில்லை. “அவ பின்னால வரல மாமா! கெணத்துல உளுகப் போறீங்க, உளுந்துராதீங்கன்னு கத்தீட்டு வாரா! நாளைக்கு ராத்திரி பன்னண்டு மணியோட எல்லாம் முடியுது. பாலிசி செத்துப்போகும். அத்தை காத்திருந்த நாலு வருசமும் போச்சு. இந்த இருவத்தொம்பது நாள்ல அத்தை வழுக்கி உளுந்திருந்தா ஒத்தப் பைசா வந்திருக்காது, தெரியுமுங்களா?”

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“மாட்டுக்காரன் அப்படித்தான அம்மிணி வருவான்” என்றார் மெதுவாக. “எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்.”

அதற்குமேல் எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அவர் காசை மிச்சப்படுத்தத்தான் பார்த்தார், ஏமாற்றப் பார்க்கவில்லை. நாற்பது வருடம் ஜெயித்த வித்தையை அதற்குச் சம்பந்தமில்லாத இடத்தில் எடுத்துவிட்டார், அவ்வளவுதான். சந்தையில் ஒரு மாட்டை விட்டால் அடுத்த வாரம் இன்னொரு மாடு வரும். அத்தையின் நான்கு வருடத்துக்கு அடுத்த வாரம் கிடையாது.

கடைக்கு வந்து சேர்ந்தோம். அவர் போனை வாங்கி, பதினோரு தடவை கூப்பிட்ட எண்ணுக்கு நான் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எடுக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்துவிட்டாள். நிமி என்று பெயர் சொன்னாள். எர்ணாகுளத்துப் பெண், தமிழை மலையாளத்தில் முக்கி எடுத்த மாதிரி பேசினாள்.

“அய்யோ சேச்சி, நீங்களாவது விளிச்சீங்களே! அந்த அங்கிளுக்கு எத்தனை தடவை சொல்லி! டேட் கழிஞ்சா எனக்கு ஒண்ணும் செய்ய முடியாது. அவர் ‘வெலையச் சொல்லு, வெலையச் சொல்லு’ன்னு பறஞ்சு கட் செய்யும். நாளைக்கு லாஸ்ட் டே ஆணு. எனக்கு இன்னைக்கு லீவு, போன் ஆபீஸ் போன். அங்கிள் விளிப்பாரோன்னு கையில வெச்சு இருக்கேன்.”

பார்த்தே இராத ஒரு பெண். லீவு நாளில் எங்கள் மாமாவுக்காகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாமா தலை குனிந்திருந்தார்.

“விலையைக் குறைக்க ஏதாவது வழி உண்டா?” என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்தேன். பழக்க தோஷம் எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

அவள் போனிலேயே பாலிசியைத் திறந்து பார்த்தாள். “சேச்சி, இதுல வெளிநாட்டு சிகிச்சை ஒண்ணு ஆட் ஆயிட்டுண்டு. அங்கிள் வெளிநாட்டுக்குப் போகுமோ?”

மகன் கத்தாரில் இருக்கிறான் என்று சொன்னதும் முதல் வருடமே யாரோ சேர்த்துவிட்டிருக்கிறார்கள். நான்தான் பாரம் நிரப்பினேன், நான்தான் பார்க்காமல் விட்டிருக்கிறேன். பழனியைத் தாண்டாத மனிதர் நான்கு வருடமாக வெளிநாட்டு வைத்தியத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார். அதை எடுத்துவிடச் சொன்னேன். நாற்பத்தாறாயிரமாகக் குறைந்தது. அந்த நிலைமையிலும் மாமாவின் கண்ணில் ஒரு சின்ன மின்னல் வந்து போனதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நிமி பணம் கட்டும் லிங்க் அனுப்பினாள். வருடா வருடம் பணம் போவது அத்தையின் கணக்கிலிருந்துதான். பால் பணம் விழும் கணக்கு, கார்டு மட்டும் மாமாவின் பையில் இருக்கும். கார்டு எண்ணை அடித்தேன். ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்று திரை சொன்னது. அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. ஓ.டி.பி. போவது அத்தையின் போனுக்கு.

“அவளுக்குத் தெரியாமக் கட்டீரலாம்னு பாத்தன்” என்றார் மாமா.

“முடியாதுங் மாமா.”

அவர் எழுந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டார், பிறகு கையில் எடுத்தார், மறுபடி தோளில் போட்டார். வா போலாம் என்றார். ஸ்கூட்டியில் எனக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

அத்தை கட்டுத்தறியில் சாணி வழித்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் நிமிர்ந்தார். மாமா எதையும் மூடி மறைக்கவில்லை, அதை மட்டும் அவர் பக்கம் சொல்ல வேண்டும். தொழுவத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, கெடு தேதியில் கட்டாததிலிருந்து நாளை ராத்திரியோடு முடிகிறது என்பது வரை முழுவதையும் சொன்னார். அத்தை கையிலிருந்த சாணியோடு அப்படியே நின்று கேட்டார்.

“அப்ப, என்ற முட்டியையுமா சந்தைக்கு ஓட்டீட்டுப் போனீங்க?”

கத்தியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். மாமா அழுதுவிடுவார் போல் இருந்தது. நாற்பது வருடம் எத்தனையோ தரகர்களை மடக்கிய மனிதர், தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“அடகு வெச்ச நகையத் திருப்பறதுக்குக்கூட இப்படி நாள் எண்ணுனதில்லீங்க நானு” என்றார் அத்தை. “ஒவ்வொரு நாளும் காலையில எந்திரிக்கறப்ப, இன்னம் இத்தன மாசம், இன்னம் இத்தன நாளுன்னு சொல்லிச் சொல்லித்தான் எந்திரிப்பன். உங்களுக்கு வெசனம் குடுக்கோணாம்னு வெளிய சொன்னதில்ல.”

பிறகு தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து என்னிடம் நீட்டினார். “நேரத்தக் கடத்தாத கண்ணு. நம்பரப் பாரு.”

முதல் ஓ.டி.பி. காலாவதியாகிவிட்டிருந்தது. இரண்டாவது வரவேயில்லை. எங்கள் பக்கம் டவர் அப்படித்தான், நின்ற இடத்துக்குத் தக்கபடி கேரளத்து டவரும் தமிழ்நாட்டு டவரும் மாறி மாறிப் பிடிக்கும். போனைத் தூக்கிக்கொண்டு தென்னந்தோப்புக்குள் அங்கும் இங்கும் நடந்தேன். மாமா என் பின்னாலேயே வந்தார். மோட்டார் ரூம் மேட்டில் ஏறியதும் போன் ஒரு சத்தம் கொடுத்தது. ஆறு எண்களை அடித்தேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நானறிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன்.

பணம் பெற்றுக்கொள்ளப்பட்டது. பாலிசி தொடர்கிறது.

நான் அந்த மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாமா திரையைப் பார்த்தார், அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். கட்டுத்தறிப் பக்கம் திரும்பி, “கமலா, கட்டியாச்சு! கட்டியாச்சு!” என்று தோப்பு முழுக்கக் கேட்கக் கூவினார். மாமா அத்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

புதுப் பாலிசி அரை மணி நேரத்தில் ஈமெயிலில் வந்தது. முதல் பக்கத்தில் அத்தையின் பெயருக்கு நேரே, முட்டிக்கான காத்திருப்புக் காலம் முடிந்தது என்று போட்டிருந்தது. அந்த வரியை நான் அத்தைக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். நிமிக்குப் போன் போட்டு மாமாவிடம் கொடுத்தேன். “ரொம்ப உபகாரம் கண்ணு. உங்கம்மா நல்லா வளத்திருக்கறாங்க” என்றார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் எர்ணாகுளம் பஸ்ஸில் ஒரு சாக்கு இளநீர் போட முடியுமா என்று கேட்டார். வேண்டாம் மாமா, அது கம்பெனி, அதெல்லாம் வாங்கக் கூடாது என்றேன்.

ஐப்பசியில் ஆபரேஷன் நடந்தது. முதலில் வலது முட்டி, நாலு நாள் கழித்து இடது. கம்பெனி இழுத்தடிக்கவில்லை. டிஸ்சார்ஜ் அன்றைக்குக் காலையிலிருந்து மத்தியானம் மூன்று மணி வரை அப்ரூவலுக்காக உட்கார வைத்தார்கள், அதுதான் கஷ்டம். கையுறை, பஞ்சு மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கு மட்டும் நம் கையிலிருந்து கட்டச் சொன்னார்கள். நானும் கூடப் போயிருந்தேன். பில்லைப் பார்த்ததும் மாமாவின் கை தானாகத் தோள் துண்டுக்குப் போனது. எனக்குப் பகீரென்றது. அவர் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துவிட்டு, சொன்ன தொகையை எண்ணி வைத்தார்.

ஒன்றரை மாதத்தில் நடப்பார் என்று டாக்டர் சொன்னார். அத்தைக்கு இரண்டு மாதம் பிடித்தது. குத்த வைத்து உட்காரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், ஏற்பாடு செய்திருந்த ஆளை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பால் கறக்கிற வேலையை மாமாவே எடுத்துக்கொண்டார். மாட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவருக்குக் கறக்க மட்டும் சரியாக வராது. முதல் வாரம் இரண்டு உதை வாங்கினார். அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார் என்று கேள்வி.

தை மாதம் ஒருநாள் காலையில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். கேன் மாமாவின் கையில் இருந்தது. அத்தை கையில் ஒன்றுமில்லை. நேராக, எந்தப் பக்கமும் சாயாமல் நடந்து வந்து, என் கடையின் இரண்டு படியையும் எதையும் பிடிக்காமல் ஏறினார். ஏறி நின்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

மாமா படிக்குக் கீழேயே நின்று, “அம்மிணி, இந்த வருசம் பாலிசிக்கு எப்பக் கடுதாசி வரும்?” என்று கேட்டார்.

“இன்னம் ஆறு மாசம் இருக்குதுங் மாமா.”

“வந்த அன்னைக்கே சொல்லீரு. என்ன கேக்கறானோ அதக் கட்டீரலாம்.”

“வேற கம்பெனி பாக்கோணாமுங்களா?”

“பாக்கலாம். பல்லப் புடிச்சுப் பாக்கலாம். ஆனா நேரத்தோட பாக்கலாம்” என்றார்.

அத்தை அதற்குள் படியிறங்கிவிட்டார். “பேசீட்டே இருந்தா வேல ஆவாது, நான் போறன்” என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். திரும்பியும் பார்க்கவில்லை. புது முட்டி இரண்டும் நன்றாக வேலை செய்தன, பத்தடி போவதற்குள் வேகம் பிடித்துவிட்டார்.

மாமா காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு, “இரு கமலா, நானும் வாரன், இரு” என்று அவர் பின்னாலேயே ஓடினார்.